ஆய்வகக் கதவில் என்ன எழுத வேண்டும்? அபாய எச்சரிக்கைப் பலகை தயாரிக்க முழுமையான வழிகாட்டி

இரவு பத்து மணிக்குத் தரை துடைக்க வருபவர், ஏசி பழுதென்று கூப்பிட்டதால் வந்த மெக்கானிக், புகைக்குள் முகமூடியோடு நிற்கும் தீயணைப்பு வீரர். ஆய்வகக் கதவில் மாட்டும் எச்சரிக்கைப் பலகை இந்த மூன்று பேருக்கானது. உள்ளே தினமும் வேலை செய்கிறவருக்கு அது தேவையே இல்லை. எந்த அலமாரியில் எந்தப் பாட்டில் இருக்கிறதென்று அவருக்கு மனப்பாடம். ஆனால் பலகையைத் தயாரிக்கும் வேலை பெரும்பாலும் அவர் தலையில்தான் விழுகிறது. தனக்குத் தெரிந்தது வாசலில் நிற்பவருக்கும் தெரியும் என்ற நினைப்பிலேயே அவர் எழுதிவிடுகிறார். கதவு நிறையக் குறியீடுகள் இருக்கும். தரை துடைப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

ஒரு வார்த்தையை அச்சடிப்பதற்கு முன்னும் அந்த மூன்று பேரை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. அறையைக் கணக்கெடுங்கள்

கணினியில் இருக்கும் ரசாயனப் பட்டியலை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கையில் ஒரு தாளோடு அறையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு அலமாரியையும் குளிர்பதனப் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஃப்யூம் ஹூடுக்கு (நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) அடியில் இருக்கும் தட்டைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை, அதையும் திறங்கள். பாட்டில் ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் இருக்கும். அதில் 16 பிரிவுகள் உண்டு. கதவுப் பலகைக்கு முதலில் வேண்டியது, அபாயங்களைச் சொல்லும் 2-ஆம் பிரிவு.

பலர் கோட்டைவிடுவது ரசாயனம் அல்லாதவற்றை. காந்தம், லேசர், எக்ஸ்-ரே கருவி, உயர் அழுத்த சிலிண்டர், திரவ நைட்ரஜன் குடுவை, நோய்க்கிருமி வளர்ப்பு என்று பலவற்றுக்கும் ரசாயனப் பட்டியலில் இடம் இருக்காது. இருந்தாலும் ஆளைக் கொல்லும் திறன் உள்ளவை.

நடக்கும்போது மூன்று கேள்விகளை மனதில் வைத்திருப்பேன். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஆபத்தாகவே இருப்பது எது? தண்ணீர் ஊற்றினால் மோசமாவது எது? கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாதது எது? இந்த மூன்றில் ஒன்றுக்காவது விடையாக வரும் பொருள் கதவில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

2. பாதியை வெட்டுங்கள்

பட்டியல் நீளமாக வந்திருக்கும். அதை அப்படியே கதவில் ஏற்றினால் யாரும் படிக்க மாட்டார்கள். பதினைந்து ஸ்டிக்கர் ஒட்டிய கதவும் ஒன்றுமே ஒட்டாத கதவும் வாசலில் நிற்பவருக்கு ஒன்றுதான். மேசைமேல் ஒரு சிறிய எத்தனால் பாட்டில் இருப்பதற்காகத் தீச்சின்னத்தைக் கதவில் போட்டால், உண்மையிலேயே கரைப்பான் நிறைந்த அறையின் தீச்சின்னம் மதிப்பிழந்துவிடும். பாட்டிலுக்குள் அடங்கும் அபாயத்தைப் பாட்டிலின் லேபிள் சொல்லட்டும். அறைக்குள் கால் வைத்ததும் ஆளைத் தொடக்கூடிய அபாயமும், தீ அல்லது கசிவின்போது அறை முழுக்கப் பரவக்கூடிய அபாயமும் கதவுக்கு வரட்டும். நான்கைந்து சின்னத்துக்கு மேல் போனால் எதை எடுக்கலாம் என்று யோசியுங்கள். இது எந்தத் தர ஆவணத்திலும் உள்ள எண்ணிக்கை அல்ல, என் கணக்கு. சட்டப்படி உங்கள் நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட சின்னம் இருந்தால் அதில் கை வைக்கக் கூடாது.

3. வடிவமும் நிறமும்

பாதுகாப்புச் சின்னங்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 7010-இல் வடிவமே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். மஞ்சள் பின்னணியும் கறுப்பு விளிம்பும் கொண்ட முக்கோணம் எச்சரிக்கை. சிவப்பு வட்டத்தில் குறுக்குக்கோடு என்றால் ‘செய்யக் கூடாது’. நீல வட்டம் ‘கட்டாயம் செய்ய வேண்டும்’. பச்சைச் செவ்வகமோ சதுரமோ அவசர வழி, முதலுதவி. சிவப்புச் சதுரம் தீயணைப்புச் சாதனம். நிறம் பிரித்தறிய முடியாதவரும் வடிவத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அதனால் ‘அழகாக இருக்கட்டும்’ என்று முக்கோணத்தை வட்டமாக்குவதோ, நிறுவனத்தின் நிறத்தில் அச்சடிப்பதோ வேண்டாம்.

இன்னொரு குழப்பம் உண்டு. சிவப்பு விளிம்பும் வெள்ளைப் பின்னணியும் உள்ள சாய்சதுரச் சின்னங்கள், ரசாயனங்களை உலகம் முழுக்க ஒரே மாதிரி வகைப்படுத்தி லேபிள் ஒட்டுவதற்கான ஜி.எச்.எஸ். முறையைச் சேர்ந்தவை, மொத்தம் ஒன்பது. அவை முதன்மையாகப் பாட்டிலுக்கும் பொட்டலத்துக்கும் வகுக்கப்பட்டவை. கதவுக்கு மஞ்சள் முக்கோணமே பொருத்தம். சில இடங்களில் கதவிலும் ஜி.எச்.எஸ். சின்னத்தையே போடுகிறார்கள். அப்படியானால் கட்டடம் முழுக்க ஒரே முறையாக இருக்க வேண்டும். ஒரு கதவில் முக்கோணம், பக்கத்துக் கதவில் சாய்சதுரம் என்றால் பார்ப்பவருக்கு இரண்டும் வேறு வேறு ஆபத்தாகத் தோன்றும்.

4. சின்னம் சின்னமாக

*கதிர்வீச்சு.* மூன்று இதழ்ச் சின்னம் 1946-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கதிர்வீச்சு ஆய்வகத்தில் பிறந்தது. அப்போது நீலப் பின்னணியில் கருஞ்சிவப்பு. மஞ்சள் பின்னணி பிறகு வந்தது. வரைந்தவர்களுக்கு அதன் பொருள் தெளிவாக இருந்தது. தெரியாதவர் கண்ணுக்கு அது மின்விசிறி. 1987-இல் பிரேசிலின் கொயானியாவில் கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்த சீசியம்-137 ஊர் மக்கள் கையில் சிக்கி உயிர்களைப் பறித்தது. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு, பார்த்த மாத்திரத்தில் பயத்தை ஊட்டும் சின்னம் ஒன்று 11 நாடுகளில் மக்களிடம் காட்டிச் சோதிக்கப்பட்டு 2007-இல் வெளியானது. சிவப்பு முக்கோணத்துக்குள் கதிர்கள், மண்டையோடு, ஓடும் மனிதன். பார்ப்பதற்கு மிரட்டலாக இருக்கிறதே என்று அதைக் கதவில் ஒட்டிவிடாதீர்கள். ஆபத்தான கதிரியக்க மூலம் உள்ள கருவியைப் பிரிக்க முயல்பவர் கண்ணில் படும்படி கருவிமேல் பொருத்துவதற்கு உரியது அது. கட்டட வாசலுக்கு அல்ல. கதவுக்குப் பழைய மூன்று இதழ்தான்.

சின்னத்துக்குக் கீழே எழுதுவது மிக முக்கியம். அறையில் இருப்பது எக்ஸ்-ரே கருவியா, கதிரியக்கப் பொருளா? கருவி என்றால் மின்சாரத்தை நிறுத்தியதும் கதிர் நின்றுவிடும். பொருள் என்றால் எதை நிறுத்தினாலும் நிற்காது. தீயணைப்பு வீரருக்கு இந்த ஒரு வரி உள்ளே போவதா வேண்டாமா என்பதையே மாற்றும். எக்ஸ்-ரே அறைக்கு வெளியே சிவப்பு விளக்கு வைத்தால், விளக்கு பியூஸ் போனால் கருவியும் இயங்காதபடி இணைப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எரியாத விளக்கைப் பார்த்து ‘உள்ளே போகலாம்’ என்று யாராவது நுழைந்துவிடுவார்கள்.

*நோய்க்கிருமி.* இந்தச் சின்னத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1966-இல் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் சார்லஸ் பால்ட்வின் குழு உருவாக்கியது. வேண்டுமென்றே எந்தப் பொருளையும் நினைவூட்டாத வடிவத்தைத் தேடினார்கள். பார்ப்பவர் ஊகிக்க முடியக் கூடாது. ஆனால் ஒரு வாரம் கழித்துக் காட்டினால் மறந்திருக்கவும் கூடாது. அப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுத்ததுதான் இன்றைய சின்னம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரியும். பெட்டி தலைகீழாகக் கிடந்தாலும் பிரச்சினை இல்லை. சொல்லித்தராமல் புரியாது என்பது அதன் பிறவிக் குணம். ஆகவே பக்கத்தில் வார்த்தை இல்லாமல் அதைத் தனியாக மாட்டக் கூடாது. உயிர்ப் பாதுகாப்பு நிலை (1 முதல் 4 வரை, 4 மிகக் கடுமையானது), பொறுப்பாளர் பெயர், தொலைபேசி எண், அணிய வேண்டியவை, நுழையும் முறை, வெளியேறும் முறை ஆகியவை கூடவே இருக்கட்டும். நுழைபவருக்குத் தடுப்பூசி தேவை என்றால் அதையும் சொல்லுங்கள்.

*லேசர்.* முக்கோணத்தோடு, லேசர் எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லும் வகுப்பு எண் வேண்டும். 3பி, 4 ஆகியவைதான் கதவுக்கு வர வேண்டியவை. 4-ஆம் வகுப்பில் நேரடிக் கற்றை மட்டுமல்ல, சுவரில் பட்டுச் சிதறும் ஒளியும் கண்ணைக் கெடுக்கும், தீயும் பற்றலாம். ‘பாதுகாப்புக் கண்ணாடி அணியவும்’ என்று மட்டும் எழுதுவது அரைகுறை. 532 நானோமீட்டர் பச்சை லேசருக்கான கண்ணாடி, கண்ணுக்கே தெரியாத 1064 நானோமீட்டரைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. அலைநீளத்தையும் கண்ணாடியின் ஒளித்தடுப்பு எண்ணையும் பலகையில் எழுதி, கண்ணாடியைக் கதவுக்கு வெளியே மாட்டிவையுங்கள். கண்ணாடியை எடுக்க உள்ளே போக வேண்டியிருந்தால் பலகையால் பயன் இல்லை.

*காந்தம்.* என்.எம்.ஆர். (மூலக்கூறுகளை ஆராயும் கருவி), எம்.ஆர்.ஐ. போன்றவற்றின் மீக்கடத்துக் காந்தம் (மின்தடையே இல்லாத கம்பிச்சுருளால் ஆனது) ஓய்வதே இல்லை. இரவிலும், விடுமுறையிலும், மின்சாரம் போனாலும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். ‘கருவி ஓடவில்லையே’ என்று இரும்பு ஸ்டூலோடும் கருவிப்பெட்டியோடும் நுழைபவரைத் தடுக்க ஒரே வழி, ‘காந்தம் எப்போதும் இயங்குகிறது’ என்று கொட்டை எழுத்தில் எழுதுவது. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு 0.5 மில்லிடெஸ்லா, அதாவது 5 காஸ் எல்லையை வெகுகாலமாகக் கடைப்பிடிக்கிறார்கள். அந்த எல்லை கதவைத் தாண்டி நடைபாதைக்கு வந்தால் பலகையும் நடைபாதைக்கு வர வேண்டும்.

*திரவ நைட்ரஜன்.* கடுங்குளிர்ச் சின்னத்தை எல்லோரும் போடுவார்கள். மூச்சுத்திணறல் சின்னத்தை விட்டுவிடுவார்கள். எனக்குத் தெரிந்து கதவுகளில் அதிகம் காணாமல் போவது இதுதான். −196 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பத்துக்கு வந்தால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். 4 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள மூடிய அறையில் 25 லிட்டர் குடுவை கொட்டிவிட்டதாக வையுங்கள். அறையின் கொள்ளளவு 48 கன மீட்டர்; வாயு 17 கன மீட்டருக்கு மேல். அது காற்றை வெளியே தள்ளிவிட்டால் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து சுமார் 13-க்கு இறங்கும். ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்கும் எச்சரிக்கை மணியை வழக்கமாக 19.5-க்கே அடிக்கும்படி வைக்கிறார்கள் என்பதோடு ஒப்பிடுங்கள். மூச்சு முட்டும் உணர்வு வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால். இங்கே அது கூடுவதே இல்லை. ஆள் ஒன்றும் தெரியாமல் விழுவார். காப்பாற்ற ஓடுபவரும் அவர் பக்கத்திலேயே விழுவார். ஆகவே வரி இப்படி இருக்கட்டும்: ‘மணி அடித்தால் நுழையாதீர்கள். உள்ளே ஆள் விழுந்திருந்தாலும் நுழையாதீர்கள். இந்த எண்ணை அழையுங்கள்.’ எழுதக் கடினமான வரிதான். ஆனால் அதுதான் இரண்டாவது உயிரைக் காக்கும்.

தீப்பற்றுவது, நச்சு, ஆக்சிஜனேற்றி (மற்றவை எரியத் துணைபோகும் பொருள்), அழுத்த சிலிண்டர், உயர் மின்னழுத்தம், சூடான பரப்பு ஆகியவற்றுக்கு ஐ.எஸ்.ஓ. சின்னங்கள் தெளிவாகவே இருக்கின்றன. அப்படியே எடுத்துப் போடலாம்.

5. தீயணைப்பு வீரருக்கான நான்கு நிறச் சாய்சதுரம்

அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) வகுத்த என்.எஃப்.பி.ஏ. 704 என்ற முறை இது. இடப்பக்கம் நீலம் உடல்நலக் கேடு, மேலே சிவப்பு தீப்பற்றும் தன்மை, வலப்பக்கம் மஞ்சள் நிலையற்ற தன்மை, கீழே வெள்ளை சிறப்புக் குறிப்பு. எண் 0 முதல் 4 வரை. 4 என்றால் உச்சம். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. ஜி.எச்.எஸ். முறையில் 1-ஆம் வகைதான் மோசமானது. பாதுகாப்புத் தரவுத் தாளில் ‘தீப்பற்றும் திரவம், வகை 1’ என்று படித்துவிட்டுச் சிவப்புக் கட்டத்தில் 1 என்று எழுதினால், தீயணைப்பு வீரருக்கு நேர்மாறான செய்தி போய்ச் சேரும். தாளில் என்.எஃப்.பி.ஏ. எண் தனியாகக் கொடுத்திருந்தால் மட்டும் எடுங்கள்.

சிவப்பு எண்ணை நீங்களே சரிபார்க்கலாம். தீப்பற்று வெப்பநிலை (திரவத்தின் ஆவி பொறி பட்டால் பற்றும் மிகக் குறைந்த வெப்பநிலை) 22.8 டிகிரிக்குக் கீழ், கொதிநிலை 37.8 டிகிரிக்குக் கீழ் என்றால் 4. டைஎத்தில் ஈதர் 35 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், ஆகவே 4. அசிட்டோன் −20 டிகிரியிலேயே பற்றக்கூடியது என்றாலும் கொதிநிலை 56 டிகிரி, ஆகவே 3.

அறையில் பல ரசாயனம் இருந்தால் ஒவ்வொரு நிறத்திலும் இருப்பதில் பெரிய எண்ணை எடுத்து ஒரே சாய்சதுரமாக்குவது வழக்கம். இதில் ஒரு குறை உண்டு: சின்னக் குப்பி ஒன்று முழு அறையையும் 4 ஆக்கிவிடும். அந்தக் குப்பி இங்கே தேவைதானா என்று கேட்க அது நல்ல சாக்கு.

வெள்ளைக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள். சோடியம் போல நீரோடு வினைபுரிவது இருந்தால் குறுக்குக்கோடு போட்ட ‘டபிள்யூ’ எழுத்து, ஆக்சிஜனேற்றிக்கு ‘ஓ.எக்ஸ்.’, மூச்சை அடைக்கும் வாயுவுக்கு ‘எஸ்.ஏ.’ வர வேண்டும். குழாயைத் திருப்பும் முன் வீரர் பார்க்க விரும்புவது அந்த ‘டபிள்யூ’வைத்தான்.

6. வார்த்தைகள்

தமிழில் எழுதும் பலகைகளில் நான் பார்க்கும் தவறுகள் தனி ரகம். ‘அபாயகரமான பொருட்கள் கையாளப்படும் பகுதி’ என்று ஒரு கதவில் இருந்தது. என்ன பொருள், என்ன செய்யும், நான் என்ன செய்ய வேண்டும்? மூன்றுக்கும் பதில் இல்லை.

‘அரிக்கும் பொருள்’ என்று இன்னொன்று. வேதியியல் படித்தவருக்கு அது அமிலம், காரம். மற்றவருக்கு அரிப்பு என்றால் சொறிவது. தேய்த்துவிட்டால் போச்சு என்று நினைப்பார். ‘தோலில் பட்டால் வெந்துவிடும்’ என்று எழுதுங்கள். ‘உயிரி அபாயம்’ என்பதைவிட ‘நோய்க்கிருமி உள்ள அறை’ சட்டென்று புரியும். கதிரியக்கம், கதிர்வீச்சு இரண்டையும் மாற்றி மாற்றிப் போடக் கூடாது. கதிரியக்கம் பொருளின் குணம். எக்ஸ்-ரே அறையில் இருப்பது கதிர்வீச்சு மட்டும்.

தலைப்புச் சொல்லிலும் படிநிலை உண்டு. அமெரிக்கத் தரங்களில் மூன்று சொற்கள்: தவிர்க்காவிட்டால் சாவோ கடும் காயமோ நிச்சயம் என்பதற்கு ஒன்று, நேரக்கூடும் என்பதற்கு ஒன்று, லேசான காயத்துக்கு ஒன்று. தமிழில் ‘ஆபத்து’, ‘எச்சரிக்கை’, ‘கவனம்’ என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கதவிலும் ‘ஆபத்து’ என்று போட்டால் அந்தச் சொல் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

துப்புரவுப் பணியாளர் எந்த மொழியைப் படிப்பாரோ அந்த மொழி பலகையில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் நேரில் அழைத்துவந்து காட்டிச் சொல்லுங்கள்.

எல்லாம் சேர்ந்தால் ஒரு பலகை இப்படி இருக்கும்:

> ஆபத்து
> (மூச்சுத்திணறல் முக்கோணம், கடுங்குளிர் முக்கோணம், தீ முக்கோணம்)
> திரவ நைட்ரஜன் 25 லிட்டர். எளிதில் தீப்பற்றும் கரைப்பான்கள், இடப்பக்க அலமாரியில்.
> ஆக்சிஜன் மணி அடித்தால் யாரும் நுழையக் கூடாது.
> தீப்பொறி வரும் வேலை செய்வதற்கு முன் பொறுப்பாளரை அழைக்கவும்.
> தரை துடைக்கலாம். மேசையையும் அலமாரியையும் தொட வேண்டாம்.
> பொறுப்பாளர், மாற்றுப் பொறுப்பாளர்: பெயர், 24 மணி நேர எண்.
> சரிபார்த்த நாள். அடுத்துச் சரிபார்க்கும் நாள்.

தரை துடைக்கும் வரியைக் கவனியுங்கள். எதைச் செய்யலாம் என்பதையும் பலகை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் பயந்து அறைக்கே வராமல் போவார், அல்லது எல்லாவற்றையும் துடைத்துவைப்பார்.

7. தொலைபேசி எண்

அலுவலக மேசை எண்ணைப் போடாதீர்கள். நள்ளிரவில் அது காலி அறையில் அடித்துக்கொண்டிருக்கும். கைப்பேசி எண் இரண்டு பேருடையது வேண்டும். ஒட்டிய அன்றே அந்த எண்ணை நீங்களே அழைத்துப் பாருங்கள். நான் ஒருமுறை அழைத்தபோது எடுத்தவர், அந்த வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தவர். பாவம், அவருக்கு அவ்வப்போது இப்படி அழைப்பு வருமாம்.

8. மாட்டும் இடம்

கண் உயரத்தில், கைப்பிடிப் பக்கச் சுவரில் மாட்டுங்கள். கதவின்மேலேயே ஒட்டினால், கதவைத் திறந்துவைக்கும் நாளில் பலகை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கதவின் கண்ணாடிச் சன்னலை மறைக்கக் கூடாது. உள்ளே ஆள் விழுந்திருப்பது அதன் வழியாகத்தான் தெரியும். இரண்டு கதவு உள்ள அறைக்கு இரண்டு பலகை.

எழுத்து உயரத்துக்கு ஒரு கணக்கு: நல்ல வெளிச்சத்தில் 3 மீட்டர் தள்ளி நின்று படிக்க எழுத்து 1 சென்டிமீட்டராவது இருக்கட்டும். மங்கலான நடைபாதை என்றால் அதை இரட்டிப்பாக்குங்கள். வெயில் படும் இடத்தில் சாதாரண அச்சில் பெரும்பாலும் சிவப்புதான் முதலில் வெளிறும். தடை வட்டம் வெறும் கறுப்புப் படமாகிவிடும். அங்கே லேமினேட் செய்த தாள் போதாது, வெளிறாத மையில் அச்சிட்ட பலகை வேண்டும்.

9. சோதித்துப் பாருங்கள்

ஆய்வகத்தில் வேலை செய்யாத ஒருவரைக் கதவுக்கு முன் பத்து விநாடி நிறுத்தி, பிறகு திரும்பி நிற்கச் சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது, நுழையலாமா, யாரை அழைப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பலகையைத் திருத்துங்கள். அவரைத் திருத்த முயலாதீர்கள்.

10. கழற்றுவது

மாட்டுவதைவிடக் கழற்றுவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. லேசர் வேறு அறைக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருக்கும், முக்கோணம் அப்படியே இருக்கும். ஒருமுறை பொய் சொன்ன கதவை அடுத்த முறை யாரும் நம்புவதில்லை. குறைந்தது வருடத்துக்கு ஒருமுறையும், கருவியோ ரசாயனமோ பொறுப்பாளரோ மாறும் ஒவ்வொரு முறையும் பலகையைப் பாருங்கள். லேசர் போல நேரத்துக்கு நேரம் மாறும் அபாயத்துக்கு, இயங்கும்போது மட்டும் எரியும் விளக்குப் பலகை வைப்பது நல்லது.

கதிர்வீச்சு, நோய்க்கிருமிச் சின்னங்களை அவசரப்பட்டுப் பிய்க்கக் கூடாது. கதிரியக்கப் பொருள் இருந்த அறையில் அளவீட்டுக் கருவியால் அளந்து, பரப்புகளைத் துடைத்தெடுத்துச் சோதித்து, கதிரியக்கக் கறை இல்லை என்று எழுத்தில் வாங்கிய பிறகே சின்னம் இறங்க வேண்டும். நோய்க்கிருமி அறை என்றால் கிருமிநீக்கம் முடிந்ததற்கான பதிவு வேண்டும். காயலான் கடைக்குப் போகும் குளிர்பதனப் பெட்டி, அடுப்பு, குப்பைத் தொட்டி ஆகியவற்றின் மேல் உள்ள சின்னங்களையும் இதே சோதனைக்குப் பிறகு சுரண்டி எடுத்துவிட்டு அனுப்புங்கள்.